முதலாளியின் கார்டு

மார்ச் பதினான்கு, செவ்வாய்க்கிழமை, காலை பத்து இருபதுக்கு, தோவாவின் விசா நீட்டிப்பு மனு பற்றிக் குடிவரவு அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது.

உறையில் வந்திருந்தது. முடிவு என்றால் அஞ்சலட்டை வரும். உறையில் வருவது கேள்வி. இருபத்திரண்டு வருடமாக ஜப்பானில் வெளிநாட்டவருக்கு விசா மனு எழுதுகிறேன்.

கேள்விகள் மூன்று. கடையில் துணி தைப்பவர் யார்? முதலாளி ஒரு நாளில் என்ன வேலை செய்கிறார்? கடந்த ஒரு வருடத்தில் கடையில் வேலை செய்தவர்களின் வருகைப் பதிவு. இரண்டு வாரத்துக்குள் பதில் வேண்டும்.

சைக்கிளை எடுத்துக்கொண்டு கடைக்குப் போனேன். என் அலுவலகத்திலிருந்து நான்கு நிமிடம்.

தோவாவின் ஆல்டரேஷன் கடை கொஜிமா ரயில் நிலையத்துக்குப் பின்னால் இருக்கிறது. மூன்று தையல் மெஷின், ஒரு இஸ்திரி மேசை, ஒரு எழுதும் மேசை. ஏப்ரலில் பள்ளிக்கூடம் திறக்கிறது. சுவர் முழுக்கச் சீருடைக் கோட்டுகள் தொங்கின. இங்கே சீருடையை இரண்டு அளவு பெரிதாக வாங்குவார்கள். மூன்று வருடம் ஓட வேண்டும். கையை உள்ளே மடித்துத் தைத்துவிட்டால், பிள்ளை வளர வளர அவிழ்த்துவிட்டுக்கொள்ளலாம். மார்ச் மாதம் கொஜிமாவில் அந்த மடிப்பு வேலைதான்.

மொரியா வாசலிலேயே நின்றாள். அறுபத்து மூன்று வயது. கடையின் ஒரே முழு நேர ஊழியர்.

“என்ன சென்செய், போஸ்ட்கார்டா?”

“உறை.”

“அய்யய்யோ.” உள்ளே திரும்பிக் கத்தினாள். “முதலாளியம்மா, உறையாம்!”

என் தொழிலில் இருப்பவர்களையும் வாத்தியார்களைப் போலச் சென்செய் என்றுதான் கூப்பிடுவார்கள். பழகிவிட்டது. முதலாளியம்மா என்ற பட்டம் மொரியா வைத்தது. தோவாவுக்கு அது இன்னும் பழகவில்லை.

தோவா எழுதும் மேசையிலிருந்து எழுந்தாள். முப்பத்தாறு வயது. சாம்பல் நிறக் கோட்டு. முதலாளி மாதிரி இருக்க வேண்டும் என்று ஒரு தடவை சொன்னேன், அன்றிலிருந்து வெயில் காலத்திலும் அதைப் போட்டுக்கொள்கிறாள். கடிதத்தை நின்றபடியே இரண்டு தடவை படித்தாள்.

“முடியாதுன்னா எத்தன நாள் குடுப்பாங்க?”

“முப்பது நாள். அதுக்குள்ள கடைய மூடிட்டுக் கிளம்பணும்.”

“சரி,” என்றாள். கடிதத்தை மடிப்பு மாறாமல் மடித்துத் தந்தாள்.

இரண்டு வருடத்துக்கு முன் அவள் முதல் தடவை என்னிடம் வந்தபோது நிபந்தனைகளைச் சொன்னேன். வீட்டோடு சேராத தனி இடம் வேண்டும். ஐம்பது லட்சம் யென் மூலதனம், அது எங்கிருந்து வந்தது என்பதற்குச் சான்று. இரண்டும் அவளிடம் தயாராக இருந்தன. வயதாகிக் கடையை விற்க நினைத்தவரிடம் பேசி முடித்துவிட்டுத்தான் வந்திருந்தாள். மூன்றாவதைச் சொன்னபோது நிமிர்ந்து பார்த்தாள்.

“நீங்க முதலாளி. கடைய நடத்தணும். தைக்கக் கூடாது.”

“ஆல்டரேஷன் கடைல தைக்காம என்ன பண்றது?”

“எப்பவாவது கை வெக்கலாம். அதுவே உங்க வேலைன்னு ஆயிடக் கூடாது. தைக்கிறவங்களுக்கு வேற விசா. அதுல கடை வெச்சுக்க முடியாது.”

“எனக்குத் தெரிஞ்சத செய்யக் கூடாது. தெரியாதத செய்யணும்.”

“ஆமா.”

நோட்டில் எழுதிக்கொண்டாள். வாதாடவில்லை. வாதாடாத மனுதாரர்கள் எனக்கு அபூர்வம்.

அவள் வியட்நாமில் ‘நாம் தின்’ என்ற ஊர்க்காரி. இருபத்து மூன்று வயதில் பயிற்சித் தொழிலாளியாக இங்கே வந்தாள். மூன்று வருடம் சீருடைத் தொழிற்சாலையில் கை மட்டும் தைத்தாள். கோட்டின் வலது கை, இடது கை. ஊருக்குத் திரும்பினாள். பிறகு மாணவியாக மறுபடி வந்து, படித்து, சேர்த்து, கடையை வாங்கினாள். கொஜிமாவில் கோட்டுக் கையை அவளைவிட வேகமாகத் தைப்பவரை நான் பார்த்ததில்லை. மொரியா ஒரு கையை முடிப்பதற்குள் அவள் ஒரு கோட்டை முடித்து இஸ்திரியும் போட்டுவிடுவாள்.

அந்தக் கைகள்தான் இப்போது கேள்வி.

“வருகைக் கார்டுகள எடுங்க. பார்க்கணும்,” என்றேன்.

மொரியா கதவோரம் இருந்த தட்டைக் காட்டினாள். பக்கத்தில் நேரம் அச்சடிக்கும் சின்ன இயந்திரம். தட்டில் நான்கு கார்டு. ஒன்று மொரியாவுடையது. இரண்டு, பகுதி நேரம் தைக்க வரும் இரண்டு தாய்மார்களுடையவை. நான்காவதில் தோவாவின் பெயர்.

“இது யாரோடது?”

“என்னோடது.”

“நீங்க எதுக்குக் கார்டு பஞ்ச் பண்றீங்க?”

“வேலைக்கு வரேன்ல?”

“முதலாளிக்கு ஏது கார்டு? யாருக்குக் காட்ட?”

மொரியா சிரித்தாள். “ரெண்டு வருஷமா நானும் இதத்தான் கேக்கறேன். காலைல வந்ததும் அந்தப் பெட்டிக்கு ஒரு கும்பிடு. சாயந்தரம் ஒரு கும்பிடு. லேட்டா வந்தா தனக்குத்தானே சம்பளம் புடிச்சுக்குவாங்களோ என்னவோ.”

“போன வருஷம் ரெண்டு நாள் லேட்,” என்றாள் தோவா. “புடிச்சேன்.”

மொரியா சிரிப்பதை நிறுத்தினாள்.

நான் கார்டைத் திருப்பினேன். பின்பக்கம் பென்சிலில் பொடி எழுத்து. தேதி, என்ன வேலை, எத்தனை மணியிலிருந்து எத்தனை மணி வரை. எல்லார் கார்டிலும் அப்படியே எழுதியிருந்தது. பழைய கார்டுகளைக் கேட்டேன். மாதவாரியாக ரப்பர் பேண்ட் போட்டு வைத்திருந்தாள். போன ஏப்ரல் மாதத்துக் கட்டைப் பிரித்தேன். அவளுடைய கார்டின் பின்பக்கம்: இரண்டாம் மெஷின், ஒன்பது முதல் ஆறு. இரண்டாம் மெஷின், ஒன்பது முதல் ஆறு. எண்ணினேன். பதினேழு நாள்.

உட்கார்ந்துவிட்டேன்.

“இத ஏன் எழுதினீங்க?”

“செஞ்சேன்ல.”

அப்புறம் சொன்னாள். மெஷினில் துணி ஓடுவது போல ஒரே சீராக, முகம் மாறாமல்.

“ஃபேக்டரில அஞ்சு மணிக்கு லைன் லீடர் வருவாரு. எங்க எல்லாரோட கார்டையும் அவரே பஞ்ச் பண்ணுவாரு. மெஷின் நிக்காது. ஒம்பது, பத்து வரைக்கும் ஓடும். கார்டுல அஞ்சுதான் இருக்கும். ஒரு தடவ ஆபீசருங்க வந்தாங்க. கார்டப் பார்த்தாங்க. எல்லாம் சரியா இருக்குன்னுட்டுப் போனாங்க. டீ குடிச்சாங்க. நான்தான் கொண்டுபோய் வெச்சேன்.”

அந்தத் தொழிற்சாலை இப்போது இல்லை. அந்த இடத்தில் வாகனம் நிறுத்துகிறார்கள்.

நான் என் வேலையைச் செய்தேன். பெயரோடு ‘சான்’ சேர்த்து, மரியாதையாகவே பேசினேன். “தோவா-சான், அவங்க கேட்டிருக்கறது வேலை செஞ்சவங்க பதிவு. சட்டப்படி நீங்க ஊழியர் கிடையாது. உங்க கார்ட வெக்க வேண்டிய அவசியமே இல்ல. மூணு பேரோடத மட்டும் அனுப்பலாம். இதுல பொய் எதுவும் இல்ல.”

“முதல் கேள்வி என்ன?”

“தைப்பவர் யார்.”

“பதினேழு நாள் யாரு தைச்சான்னு எழுதுவீங்க?”

அதற்குள் மொரியா இஸ்திரி மேசையைத் தட்டினாள்.

“உனக்கென்ன பைத்தியமா? இத்தன வருஷம் நாய் மாதிரி உழைச்சிட்டு, இப்ப நீயே போயி தலைய நீட்டுவியா? நீ போயிட்டா என்னை எவன் வேலைக்கு வெச்சுப்பான்? என் தையலுக்கு ஒரு கோமாளிச் சட்டைகூட வராது!”

“மொரியா-சான், அதுக்காகத்தான் நானும் போகக் கூடாதுன்னு பார்க்கறேன்,” என்றாள் தோவா. “ஆனா கார்டு போகும்.”

எல்லாக் கட்டுகளையும் பையில் போட்டுத் தந்தாள்.

மறுநாள் காலை என் அலுவலக மேசையில் அவளுடைய கார்டுகளை வரிசையாகப் பரப்பினேன். பின்பக்கம் மேலே தெரியும்படி. எதைச் சொல்லி எதை மூடுவது என்று பார்ப்பதற்காகத்தான் பரப்பினேன். அது என் பழக்கம்.

ஏப்ரலில் பதினேழு நாள் இரண்டாம் மெஷின். மே மாதம் பதினான்கு. ஜூனில் பதினொன்று. அப்போதுதான் முதல் தாயை வேலைக்கு எடுத்திருக்கிறாள். ஜூலையில் ஐந்து. மொரியாவின் கண் அறுவை சிகிச்சைக்காக ஆகஸ்டில் மறுபடி எட்டு. செப்டம்பரில் இரண்டாவது தாய். அக்டோபரில் இரண்டு நாள். நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை ஒரு நாள்கூட இல்லை. அந்த நாட்களில் கார்டில் வேறு வேலைகள். பள்ளிக்கூடங்களுக்குப் போய்ப் பேசியது. சீருடைக் கடையோடு ஒப்பந்தம். தைக்கும் முறையைப் படம் போட்டு எழுதியது, ஆறு நாள். மொரியாவைத் தையலிலிருந்து அளவெடுப்பதற்கு மாற்றியது. ‘வாடிக்கையாளரோடு பேசுவது அவருக்குப் பிடிக்கும்’ என்று அதன் எதிரே ஒரு வரி.

இதைத்தான் இரண்டாவது கேள்வி கேட்டிருந்தது. முதலாளி ஒரு நாளில் என்ன செய்கிறார்.

அவள் தனக்குத் தெரிந்த ஒரே வேலையிலிருந்து தன்னை ஒவ்வொரு நாளாக நீக்கிக்கொண்டிருக்கிறாள். யாரும் கண்காணிக்காமல், அதையும் எழுதி வைத்துக்கொண்டு. நான் இருபத்திரண்டு வருடத்தில் எழுதிய வணிகத் திட்டங்களை நினைத்துப் பார்த்தேன். பளபளப்பான தாள்கள். அவற்றில் பாதியை நானே கற்பனை செய்திருந்தேன்.

மார்ச்சில் மட்டும் இதுவரை நான்கு நாள் மறுபடி இரண்டாம் மெஷின். பள்ளி திறக்கும் பருவம். அந்த ஒரு கார்டை விட்டுவிட ஆசையாக இருந்தது. நடப்பு மாதம் இன்னும் முடியவில்லை என்று சொல்லலாம். கொஞ்ச நேரம் அதைக் கையில் வைத்திருந்தேன். பிறகு மற்றவற்றோடு சேர்த்தேன்.

விளக்கக் கடிதம் ஒரு பக்கம்தான் வந்தது. நான் எழுதியதிலேயே சின்னது.

அதன் பிறகு மூன்று வாரம் ஒன்றும் வரவில்லை. அட்டையும் இல்லை, உறையும் இல்லை. ஏப்ரல் பத்து, திங்கட்கிழமை, மொரியா போன் செய்தாள்.

“சென்செய், செருப்ப மாட்டிட்டு ஓடி வாங்க. கருப்புக் கோட்டுல ரெண்டு பேரு. சாவு வீட்டுக்குப் போறவங்க, கோட்டு தொளதொளன்னு இருக்கு, சின்னதாக்க வந்திருக்காங்கன்னு நெனச்சு நான் அளவே எடுக்க ஆரம்பிச்சிட்டேன். தோள் அளவு எடுத்ததுக்கப்புறம்தான் அந்த ஆளு அடையாள அட்டையக் காட்டறாரு!”

குடிவரவு அதிகாரிகள் சொல்லாமல் வருவார்கள். அதற்கு அவர்களுக்கு உரிமை உண்டு.

நான் போனபோது ஹிராமட்சு என்ற அதிகாரி எழுதும் மேசைக்கு எதிரே உட்கார்ந்திருந்தார். ஐம்பதைத் தாண்டியவர். கோட்டு உண்மையிலேயே தோளில் தொளதொளவென்றுதான் இருந்தது. உடன் வந்த இளம் அதிகாரி மெஷின்களைப் படம் எடுத்துக்கொண்டிருந்தாள். நான் என் பெயர் அட்டையைக் கொடுத்துவிட்டுச் சுவரோரம் நின்றேன். இந்த நேரத்தில் என் வேலை வாயை மூடிக்கொண்டிருப்பது.

மூன்று மெஷினும் காலியாக இருந்தன.

“தைக்கிறவங்க ரெண்டு பேரும் எங்க?” என்றார் ஹிராமட்சு.

“லீவு. அவங்க பிள்ளைங்களுக்கு இன்னைக்கு முதலாம் வகுப்பு. சேர்க்கை விழா.”

“ரெண்டு பேருக்கும் ஒரே நாள்லயா?”

“ஊருக்கே ஒரே நாள்தான்.”

“உங்களுக்கு இது சீசன் இல்லையா?”

“வேலைக்குச் சேரும்போது அவங்க கேட்டது இது ஒண்ணுதான்.”

ஹிராமட்சு குறித்துக்கொண்டார். கோப்பிலிருந்து நகல்களை எடுத்தார். நான் அனுப்பிய கார்டுகள். சிலவற்றில் ஓரத்தில் சிவப்புப் பென்சில் கோடு.

“போன ஏப்ரல்ல பதினேழு நாள் ரெண்டாம் மெஷின்ல உக்காந்திருக்கீங்க.”

“ஆமா.”

“இந்த மார்ச்ல?”

“அனுப்பினப்ப நாலு. மாசம் முடியறப்ப ஆறு.”

மொரியா கண்ணை மூடிக்கொண்டாள்.

“இத எழுதாம விட்டிருந்தா எங்களுக்குத் தெரிஞ்சிருக்காது,” என்றார்.

“அப்புறம் கார்டு எதுக்கு?”

அவர் பக்கத்தைத் திருப்பினார். அவர் முகத்திலிருந்து எதையும் படிக்க முடியவில்லை. இவர்களுடைய முகத்தைப் படிக்க நான் பல வருடம் முயன்று விட்டுவிட்டேன்.

அப்போது கதவு திறந்தது. வாடிக்கையாளரான ஒரு தாய், மருத்துவமனைச் சீருடையில், கையில் காகிதப் பை. மூச்சு வாங்கியது. பையிலிருந்து கோட்டை எடுத்து, யாரென்று பார்க்காமல் ஹிராமட்சுவின் கோப்பின் மேலேயே விரித்தாள்.

“பாருங்க. வலது கை சரியா இருக்கு. இடது கை விரல மூடுது. நாளைக்குப் பத்து மணிக்கு நடுநிலைப் பள்ளில விழா. அவ அழுதுட்டிருக்கா. ஒரு கை மட்டும் வளரணுமாம்மான்னு கேக்கறா.”

மொரியா கிட்ட வந்து பார்த்தாள். அளவுச் சீட்டைத் தேடினாள். கிடைத்ததும் முகம் சிவந்தது. அவளே அளந்தது. பேசிக்கொண்டே அளந்திருப்பாள்.

“இன்னைக்குத் தைக்கிறவங்க யாருமில்லையே,” என்றாள் மெதுவாக.

“நான் பன்னெண்டு மணிக்கு வேலைக்குத் திரும்பணும். நாளைக்குக் காலைல நேரம் கிடையாது. யாராவது தைங்க.”

கடிகாரத்தில் பதினொன்று ஐந்து. எல்லாரும் தோவாவைப் பார்த்தோம். இரண்டாம் மெஷின் அவளிடமிருந்து மூன்று அடி. நாற்காலியின் உயரம்கூட அவளுக்கென்று வைத்தது, மாற்றவில்லை.

ஒரு தடவை மெஷினில் உட்கார்ந்ததற்காக யாரும் விசாவைப் பறிப்பதில்லை. அதை நானே சொல்லியிருக்கிறேன். ஆனால் அந்தச் சிவப்புக் கோடுகளுக்குப் பிறகு, பார்க்க வந்த நாளில் அவளை மெஷினில் பார்த்தால், அவர்கள் எழுதப் போவது அந்த ஒரு வரியைத்தான். இங்கே தைப்பவர் முதலாளி. அதன் பிறகு வருவது மறுப்புதான்.

மறுபுறம், அந்தச் சிறுமி நாளை ஒரு கை நீளமாக நிற்பாள்.

உட்கார்ந்துவிடு, என்று மனதுக்குள் சொன்னேன். உடனே, உட்காராதே, என்றேன்.

ஹிராமட்சு கோட்டின் அடியிலிருந்து கோப்பை உருவிக்கொண்டார். “எங்களப் பத்திக் கவலப்படாதீங்க. எப்பவும் போல வேலையப் பாருங்க,” என்றார்.

தோவா கோட்டை எடுத்தாள். கையை உள்புறம் திருப்பிப் பார்த்தாள். தையலைக் கட்டைவிரலால் ஒரு தடவை தடவினாள். அதை இரண்டாம் மெஷின் மேல் வைத்தாள்.

“பன்னெண்டுக்குள்ள முடிஞ்சிரும்,” என்று அந்தத் தாயிடம் சொன்னாள். பிறகு திரும்பினாள். “மொரியா-சான், கண்ணாடியப் போடுங்க.”

“நானா?”

“நீங்கதான்.”

“விளையாடாதீங்க முதலாளியம்மா. என் புருஷன் பேண்ட்ட ஒரு தடவ சின்னதாக்கினேன். ரெண்டு வருஷம் என்கூடப் பேசல.”

“இது கைதான். வந்து உக்காருங்க.”

மொரியா உட்கார்ந்தாள். நாற்காலி அவளுக்கு உயரமாக இருந்தது. தோவா அவளுக்குப் பின்னால் போய் நின்றாள். கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

“உள்துணி இருக்குல்ல, அந்த லைனிங்க மட்டும் பிரிங்க. மேல் துணில கத்திரி படக் கூடாது. அங்க இல்ல, இன்னும் உள்ள. ம். ஒரு தையல் விட்டு ஒரு தையல் வெட்டுங்க. இழுக்காதீங்க, அதுவே வரும்.”

“வரல.”

“வரும்.”

வந்தது. மொரியா பழைய மடிப்பை இஸ்திரியில் நீக்கினாள். புது மடிப்பைச் சுண்ணாம்புக் கட்டியால் குறித்தாள். இரண்டு தடவை அழித்துக் குறித்தாள். கையால் உள்தையல் போட ஊசி எடுத்தாள். கோக்க முடியவில்லை. கண் அறுவை சிகிச்சைக்குப் பிறகு கிட்டத்தில் இருப்பது அவளுக்கு மங்கல். நூல் ஊசியின் இந்தப் பக்கம் போயிற்று, அந்தப் பக்கம் போயிற்று.

தோவாவின் கை அசையவில்லை.

“இங்க குடுங்க,” என்றாள் அந்தத் தாய். வாங்கிக் கோத்துக் கொடுத்தாள். “நான் நர்ஸ். ஊசி என் வேலைதான்.”

“இனிமே உங்களையே வேலைக்கு வெச்சுக்கலாம்போல,” என்றாள் மொரியா, வியர்வையைத் துடைத்துக்கொண்டே.

“முதல்ல என் பொண்ணு கைய சரி பண்ணுங்க.”

பதினொன்று இருபத்தைந்து. இளம் அதிகாரி படம் எடுப்பதை நிறுத்திவிட்டாள். ஹிராமட்சு எழுந்து நின்று பார்த்தார்.

“ஊசியப் படுக்க வெச்சுப் பிடிங்க. மேல் துணில ஒரு நூல் மட்டும் புடிச்சாப் போதும். வெளில தெரியக் கூடாது. சரி. அடுத்தது. அவசரம் இல்ல. அடுத்தது.”

நான் தோவாவுக்குப் பின்னால் நின்றிருந்தேன். அவள் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. முதுகுக்குப் பின்னால் இருந்த கைகளை மட்டும் பார்த்தேன். இடது கை வலது மணிக்கட்டை இறுக்கிப் பிடித்திருந்தது. பிடிபட்ட கையின் விரல்கள் தைத்துக்கொண்டிருந்தன. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் இல்லாத ஊசியைத் தள்ளின, நடுவிரல் இல்லாத துணியை ஒதுக்கியது. மொரியா ஒரு தையல் போடுவதற்குள் அந்த விரல்கள் எங்கேயோ போய்விட்டிருந்தன. பிறகு நின்று, அவளுக்காகக் காத்திருந்தன.

லைனிங்கை மெஷினில் மூட்டியபோது தப்பாகிவிட்டது. கோட்டைத் திருப்பியதும் கையின் ஓரம் உள்ளே சுருண்டது.

“போச்சு,” என்றாள் மொரியா. “நான் சொன்னேன். நான் சொன்னேன்ல? நீங்களே உக்காருங்க. இவங்க ரெண்டு பேரும் நல்ல மனுஷங்க, கொஞ்ச நேரம் கண்ண மூடிக்குவாங்க.”

மணி பதினொன்று முப்பத்தெட்டு. அந்தத் தாய் கடிகாரத்தைப் பார்த்தாள், பிறகு தோவாவைப் பார்த்தாள்.

“அம்மா, நீங்க தைப்பீங்களா?” என்று நேராகவே கேட்டாள்.

“தைப்பேன்.”

“அப்ப ஏன் நிக்கறீங்க?”

“நாளைக்கு நான் பள்ளிக்கூடத்துல பேசிட்டிருப்பேன். அப்ப இன்னொரு கை இதே மாதிரி வரும். யாராவது தைக்கணும்.” மொரியாவின் தோளருகே குனிந்தாள். “லைனிங் இறுக்கமா இருக்கு, அவ்வளவுதான். பிரிங்க. ஒரு விரல் அகலம் தளர்வா விட்டு மூட்டுங்க. முழங்கைய மடக்கறப்ப அது போய் வர எடம் வேணும்.”

“ஒரு விரலா?”

“உங்க விரல். என் விரல் இல்ல.”

மொரியா தன் விரலைப் பார்த்தாள். தடித்த விரல். துணியின் மேல் வைத்தாள். குண்டூசி குத்தினாள். மெஷின் ஓடியது. மெதுவாக, ஒவ்வொரு தையலும் கேட்கும்படி. திருப்பினாள். ஓரம் சுருளவில்லை. இஸ்திரி போட்டாள். நீராவி எழுந்தது.

தோவா அப்போதுதான் கைகளைப் பிரித்தாள். மேசையிலிருந்து அளவு நாடாவை எடுத்து இரண்டு கைகளையும் அளந்தாள். சரிபார்ப்பது முதலாளியின் வேலை. வலது, இடது. மறுபடி வலது.

“சரியா இருக்கு,” என்றாள்.

மொரியா இரண்டு கைகளையும் மேசையில் ஊன்றிக்கொண்டு, “நான் செத்தேன்,” என்றாள். ஆனாலும் அவளே கோட்டை மடித்தாள். வேறு யாரையும் தொட விடவில்லை.

பதினொன்று ஐம்பத்து நான்கு. தோவா அந்தத் தாயிடம் இடுப்பு வரை குனிந்து மன்னிப்புக் கேட்டாள். பணம் வாங்கவில்லை.

“ஊசி கோத்ததுக்கு எனக்குச் சம்பளம் உண்டா?” என்றாள் அந்தத் தாய்.

“கார்டு போட்டுத் தரட்டுமா?” என்றாள் மொரியா.

அந்தத் தாய் சிரித்துக்கொண்டே ஓடினாள். கதவு மூடிய பிறகு கடையில் மெஷின் மோட்டாரின் ரீங்காரம் மட்டும் இருந்தது. மொரியா அதை அணைக்க மறந்திருந்தாள். தோவா அணைக்கப் போகவில்லை. இரண்டு கைகளையும் கோட்டுப் பைக்குள் விட்டுக்கொண்டாள்.

ஹிராமட்சு கோப்பை மூடிக் கையிடுக்கில் வைத்தார். இளம் அதிகாரி காலணி போட்டுக்கொண்டாள். அவரும் வாசல் வரை போனார். அங்கே நின்றார். கோப்பைத் திறந்தார், பேனாவின் மூடியைக் கழற்றினார்.

“கடைசியா ஒண்ணு கேட்டுக்கறேன் தோவா-சான். மொரியா-சானுக்கு முக்கால் மணி நேரம் ஆச்சு. இதையே நீங்க தைச்சிருந்தா, எத்தன நிமிஷம் ஆகியிருக்கும்?”